அயல்நாட்டு ஆராதனையில் மிஷன் குழு எங்கே அமர வேண்டும்? உகாண்டா பயணத்தை முன்வைத்து ஒரு விவாதம்

நடைபயணி:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். உகாண்டாவின் நடுப்பகுதியில், லுகாண்டா பேசும் மக்கள் வாழும் ஒரு கிராமத்து ஆங்கிலிக்கன் சபைக்கு, மருத்துவ முகாமும் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களுக்கான பயிற்சியும் நடத்தச் சென்ற குழுவில் நானும் இருந்தேன். முகாமைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் எங்கள் அறிக்கையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஞாயிறு ஆராதனையைப் பற்றி அதில் இருப்பது, "ஆராதனையில் கலந்துகொண்டு வாழ்த்துரை வழங்கினோம்" என்ற ஒரே வரிதான். அந்த வரி போதாது என்று நினைத்தே இந்த இழையைத் தொடங்குகிறேன். நாங்கள் கொடுத்தவை எல்லாம் வார நாள்களில் நடந்தன, பெற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கிடைத்தது.

காலையில் முதல் ஆராதனை ஆங்கிலத்திலும் அடுத்தது லுகாண்டாவிலும் நடந்தன. ஆங்கில ஆராதனை சுருக்கமானது, எங்களுக்குப் புரிந்தது. ஆனால் ஊர் திரண்டு வந்தது இரண்டாவதற்கே. முரசொலிதான் மக்களை அழைத்தது. பாவ அறிக்கை, மன்னிப்பின் வசனம், சங்கீதம், வேதபாடங்கள், விசுவாசப் பிரமாணம் என்று ஜெப புத்தகத்தின் வரிசை மாறாமல் சென்றதால், ஒரு சொல்லும் தெரியாத நிலையிலும் ஆராதனை எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. பாடலின் உச்சத்தில் பெண்கள் குலவையிட்டார்கள். காணிக்கைக்குப் பணத்தோடு வாழைத்தார்களும் முட்டைகளும் கால் கட்டிய கோழியும் வந்தன. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் அவற்றை ஏலம் விட்டு, வந்த பணத்தைச் சபைக் கணக்கில் சேர்த்தார்கள். ஏலத்தில் எடுத்த கோழியை, அதைக் கொண்டுவந்த மூதாட்டியிடமே ஒருவர் திருப்பிக் கொடுத்தார். காணிக்கை அதனால் குறைந்துவிடவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்கும் ஒன்று திரும்பிச் சென்றது.

என்னைச் சிந்திக்க வைத்தது எங்களுக்குத் தரப்பட்ட இடம். பீடத்துக்கு அருகில் நாற்காலிகள் போடப்பட்டு, நாங்கள் சபையாரை நோக்கி அமர வைக்கப்பட்டோம். எங்கள் அறிமுகமும் வாழ்த்தும் பாடலும் அவற்றின் மொழிபெயர்ப்பும் முடிவதற்குள், சாட்சிகளுக்கென்று ஒதுக்கியிருந்த நேரம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆயினும் அந்த நேரம் யாருடையது என்ற கேள்வியோடுதான் நான் திரும்பினேன்.

நாம் "மிஷன் களம்" என்று சொல்லும் அந்த நாட்டுக்குத் தனக்கே உரிய மிஷன் வரலாறு உண்டு. இங்கிலாந்தின் திருச்சபை மிஷனரி சங்கத்தார் அரசர் முட்டேசாவின் அவைக்கு வந்து சேர்ந்தது 1877இல். அதற்குப் பத்து ஆண்டுகள் நிறைவதற்குள், அவருக்குப் பின் வந்த முவாங்காவின் காலத்தில், புதிதாக விசுவாசத்துக்கு வந்திருந்த அரண்மனை இளைஞர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். 1886 ஜூன் 3 அன்று நமுகோங்கோவில் ஆங்கிலிக்கரும் கத்தோலிக்கருமாக ஒரே இடத்தில் எரிக்கப்பட்டார்கள். இன்றும் ஜூன் 3 அங்கே அரசு விடுமுறை; நெடுந்தொலைவிலிருந்து மக்கள் நடந்தே வருகிறார்கள். லுகாண்டா மொழியில் முழு வேதாகமம் 1896இல் வந்தது. அதை மொழிபெயர்த்த மிஷனரி பில்கிங்டனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டிய பெயர், அவருக்குத் துணைநின்ற ஹென்றி ரைட் டூட்டா என்ற உகாண்டா ஊழியருடையது. அதே ஆண்டில் அப்போலோ கிவெபுலாயா என்ற உகாண்டா சுவிசேஷகர் இன்றைய காங்கோவில் உள்ள போகாவுக்குச் சென்றார். அடி வாங்கியும் சிறைப்பட்டும் அந்த வட்டாரத்து ஊழியத்தை அவர் கைவிடவில்லை. 1933இல் மரித்தபோது போகாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பிற நாட்டுக்கு ஆள் அனுப்பிய சபைக்குத்தான் நாங்கள் போயிருக்கிறோம்.

ஆகவே என் கருத்து இதுதான்: மிஷன் குழு பிற நாட்டு ஆராதனையில் முதலில் சபையாரோடு பெஞ்சில் அமர வேண்டும். பவுல் ரோமருக்கு எழுதும்போது, வரங்களைக் கொடுக்க வர விரும்புவதாகச் சொன்ன உடனேயே, இரு பக்கத்து விசுவாசத்தினாலும் தானும் ஆறுதலடைய விரும்புவதாகச் சேர்த்துக்கொள்கிறார். அந்த இரண்டாம் பகுதியை நம் பயணத் திட்டங்களில் நான் பார்க்கவில்லை. உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

முதிய ஊழியர்:

மகளே, உன் பதிவை இருமுறை வாசித்தேன். வரலாற்றை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் முடிவில் நீ சொன்னதை அப்படியே ஏற்க என்னால் இயலவில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவில் விருந்தினரை எழுப்பி நிறுத்தி நாலு வார்த்தை பேசச் சொல்வது உபசாரத்தின் ஒரு பகுதி. அங்கே "நான் பெஞ்சிலேயே இருந்துகொள்கிறேன்" என்று மறுக்கிற விருந்தினர் தாழ்மையுள்ளவராகத் தோன்றமாட்டார். நம்மோடு ஒட்ட மனமில்லாதவர் என்றே எண்ணப்படுவார். வீட்டுக்காரர் காட்டும் இடத்தில் அமர்வதும் கீழ்ப்படிதல்தான். எழுபதுபேரை அனுப்பும்போது ஆண்டவர் சொன்னது, உங்கள் முன் வைக்கிறதைப் புசியுங்கள் என்பது. முன்வரிசை நாற்காலியும் அப்படி முன்வைக்கப்படுகிற ஒன்றே.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். பேசச் சொன்னால் நாம் எவ்வளவு பேசுகிறோம், எதைப் பேசுகிறோம்? மொழிபெயர்ப்பாளரோடு பிரசங்கிப்பது ஒரு தனிப் பயிற்சி. முப்பது நிமிடப் பிரசங்கம் ஒரு மணி நேரமாகிவிடும் என்பதை மறந்து, முழுக் குறிப்பையும் எடுத்துச் செல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி வாக்கியத்தில் நிறுத்தி மொழிபெயர்ப்பாளரின் முகத்தைப் பார்ப்பார்கள். அவரோ வினைச்சொல் வரவில்லையே என்று காத்து நிற்பார். நம் மொழியில் வினை கடைசியில் வருவதால் இந்த இடர் நமக்கு அதிகம். முழுக் கருத்துள்ள சிறிய வாக்கியமாகச் சொல்லி நிறுத்த வேண்டும். சொல் விளையாட்டையும் எதுகையையும் ஊரிலேயே விட்டுவிட வேண்டும். வேதவசனத்தைச் சபையாரில் ஒருவரே அவர்களுடைய வேதாகமத்திலிருந்து வாசிக்க வேண்டும். நாம் வாசிக்க அதை மொழிபெயர்ப்பாளர் தம் சொந்த வார்த்தையில் சொல்வது சரியல்ல. அவர்களுக்கு மனப்பாடமான வசனம் அன்று வேறு உருவில் வந்து விழும்.

மற்றொன்று மிகவும் முக்கியம். பிரசங்க பீடத்திலிருந்து எந்த வாக்குறுதியும் தரக் கூடாது. "உங்கள் பள்ளிக்குக் கூரை போடுவதற்காக ஜெபிப்போம்" என்று நாம் நல்லெண்ணத்தோடு சொல்வது, கூரை வருகிறது என்ற செய்தியாகவே பின்வரிசையைச் சென்றடையும். நாம் போன பிறகு அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தச் சபையின் உபதேசியார்.

பாடகர்குழு:

ஐயா சொன்ன மொழிபெயர்ப்புக் குறிப்புகளை எங்கள் குழுவுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். நான் இசையின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெரும்பாலும் நடைபயணியின் பக்கமே நிற்கிறேன்.

வெளிநாட்டு ஆராதனையில் மிஷன் குழுவிடம் எப்போதும் கேட்கப்படுவது ஒரு "சிறப்புப் பாடல்". நாம் பயிற்சி செய்து, கித்தார் எடுத்துச் சென்று பாடுகிறோம். சபையார் கைதட்டுகிறார்கள். அந்தச் சில நிமிடங்களுக்கு ஆராதிக்கிற சபை, கேட்கிற கூட்டமாக மாறிவிடுகிறது. கிழக்கு ஆப்பிரிக்கச் சபைகளில் நான் கண்டவரை இது அவர்களுடைய இயல்புக்கு நேர்மாறானது. அங்கே ஒருவர் ஒரு வரியைத் தொடங்குகிறார், அந்த வரி முடியுமுன்னே சபை அதைத் தன் வசம் எடுத்துக்கொள்கிறது. புத்தகத்தைத் தேடுவதில்லை, சுதி கேட்பதில்லை. ஒரு பெண் ஆல்ட்டோவைப் பிடித்தால் பக்கத்திலிருக்கும் ஆண்கள் தாமாகவே கீழ்க் குரலுக்குப் போகிறார்கள்.

இந்தப் பாடும் முறையைக் கிழக்கு ஆப்பிரிக்க எழுப்புதல் இயக்கத்தைத் தெரியாமல் முழுமையாகப் புரிந்துகொள்ள முடியாது. 1929இல் தலைநகர் கம்பாலாவின் நமிரெம்பே குன்றில் சிமியோன் நிசிபாம்பி என்ற உகாண்டாக்காரரும் ஜோ சர்ச் என்ற ஆங்கிலேய மருத்துவரும் கூடி ஜெபித்ததிலிருந்து அந்த வரலாற்றைத் தொடங்குவார்கள். 1930களில் ருவாண்டாவின் கஹினியிலிருந்து அது உகாண்டா, கென்யா, தான்சானியா என்று பரவியது. ஒருவர் கூட்டத்தில் எழுந்து தம் பாவத்தை வெளிப்படையாக அறிக்கையிடுவார். உடனே மற்றவர்கள், இயேசுவைத் துதிக்கும் 'துகுதெண்டெரெசா யேசு' என்ற பல்லவியைப் பாடி அவரைத் தழுவிக்கொள்வார்கள். ஒரு மனிதர் தம்மைத் திறந்து காட்டியதற்குச் சபை தரும் பதில் அந்தப் பாட்டு. இன்றும் சாட்சி நேரத்தில் அது எழும்போது, பின்னால் இத்தனை தலைமுறைகளின் அறிக்கைகள் இருக்கின்றன. நடைபயணியின் குழு வாழ்த்துரையால் கரைந்துபோனது இந்தச் சாட்சி நேரம்தான் என்பதால், அவருடைய கவலை எனக்குச் சிறியதாகத் தோன்றவில்லை.

நாங்கள் இப்போது செய்வது இது: பயணத்துக்கு முன்பே அந்தச் சபை வழக்கமாகப் பாடும் பாடல்களின் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கிச் சில பல்லவிகளை அவர்கள் மொழியிலேயே கற்கிறோம். அங்கு போனதும் அவர்களுடைய பாடகர் குழுத் தலைவரிடம் எங்களை ஒப்படைத்துவிடுகிறோம். அவர் எங்களைப் பிரித்து, அந்தந்தக் குரல் வரிசையில் அவர்களுக்கு நடுவே நிறுத்துவார். உச்சரிப்பை அருகில் நிற்பவர் திருத்துவார். உகாண்டாவின் வடக்கே போனபோது அடுங்கு என்ற வில்யாழைச் சபையிலேயே வாசிக்கக் கேட்டேன். சிறியதும் பெரியதுமாகப் பல அடுங்குகள் சேரும்போது தனியாக வேறு வாத்தியமே தேவைப்படுவதில்லை. எங்கள் கித்தாரை அன்று பெட்டியைவிட்டு எடுக்கவில்லை.

செவிலி:

நான் எழுத வந்தது இசையைப் பற்றியல்ல; ஆராதனை முடிந்து வந்த பிறகு நாம் அதைப் பற்றிப் பேசும் விதத்தைப் பற்றி.

"அவர்களிடம் ஒன்றுமில்லை, ஆனாலும் எவ்வளவு மகிழ்ச்சியாக ஆராதிக்கிறார்கள்!" என்ற வாக்கியத்தை மிஷன் அறிக்கைக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு எனக்கு வேதனையாகிவிட்டது. சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இதில் இரண்டு அநீதிகள் இருக்கின்றன. முதலாவது, வறுமை அவர்களுடைய பக்திக்கு உதவுகிறது என்ற எண்ணம் கேட்பவர் மனதில் பதிகிறது. மருந்து கிடைக்காமல் பிள்ளையை இழந்த தாயிடம் அதைச் சொல்லிப் பார்க்க முடியுமா? இரண்டாவது, நாம் மொழி தெரியாமல் பார்த்ததால் நடனத்தை மட்டும் பார்த்தோம். மொழி தெரிந்திருந்தால் புலம்பலையும் கேட்டிருப்போம்.

உகாண்டாவின் வடக்கே அச்சோலி மக்கள் நடுவில் சில காலம் பணியாற்றினேன். 1980களின் இறுதியில் தொடங்கிய ஆயுதக் குழுவின் கிளர்ச்சி அங்கே சுமார் இருபது ஆண்டுகள் நீடித்தது. பிள்ளைகள் கடத்தப்பட்டார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைந்து வாழ்ந்தார்கள். தூரத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் மாலையானதும் குலு நகரத்துக்கு நடந்துவந்து, பாதுகாப்புக்காக ஆலய வளாகங்களிலும் மருத்துவமனை முற்றங்களிலும் இரவு தங்கி, விடிந்ததும் திரும்பிப் போவார்கள். அப்படி ஆலயத் தரையில் உறங்கி வளர்ந்தவர்கள் இப்போது அதே ஆலயங்களின் பாடகர் குழுக்களில் நிற்கிறார்கள். அவர்கள் சங்கீதம் பாடும்போது, "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற வரி எங்கே கனத்து இறங்குகிறது என்பதைப் பக்கத்தில் அமர்ந்திருந்தால்தான் உணர முடியும். கடத்திச் செல்லப்பட்டுத் திரும்பியவரும், அவரைப் போன்றவர்களால் குடும்பத்தை இழந்தவரும் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறார்கள். அதை "மகிழ்ச்சியான ஆராதனை" என்று எழுதி முடித்துவிட முடியாது.

உகாண்டாவின் ஆங்கிலிக்கன் பேராயர் ஜனானி லுவும் என்பவரும் அந்த மண்ணைச் சேர்ந்தவர். இடி அமீன் ஆட்சியில் 1977 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். அவருடைய உடல் தலைநகரில் சபையாரிடம் தரப்படவில்லை. நமிரெம்பேயில் அவருக்காகத் தோண்டிய கல்லறை வெறுமையாக இருக்க, சபையார் அதைச் சுற்றிக் கூடிப் பாடினார்கள். ஈஸ்டர் செய்தியை அந்த வெற்றுக் கல்லறையின் அருகே பாடிய ஒரு சபையின் "அல்லேலூயா" என்ன பொருளோடு ஒலிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு கேட்பது, அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை. அதனால்தான் பெஞ்சில் அமர்வதோடு, போகும் முன் படிக்கவும் வேண்டும் என்கிறேன்.

கத்தோலிக்க வாசகர்:

இந்த இழையை வாசிக்கும் கத்தோலிக்கன் நான் ஒருவனாகவே இருக்கலாம். ஆயினும் ஒன்றைச் சேர்க்க அனுமதியுங்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசில் நடக்கும் திருப்பலிக்கென்றே ஓர் ஒழுங்கை உரோமை 1988இல் அங்கீகரித்தது. அந்த நாட்டின் அன்றைய பெயரால் சயீர் வழிபாட்டு முறை என்று அது அழைக்கப்படுகிறது. அதில் தொடக்கத்திலேயே புனிதர்களும், நேர்மையாய் வாழ்ந்து மறைந்த முன்னோர்களும் அழைக்கப்படுகிறார்கள். நமக்குப் பழக்கமான திருப்பலியில் பாவ அறிக்கை முதலில் வரும். அங்கே அது இறைவார்த்தையும் மறையுரையும் முடிந்த பிறகு வருகிறது, அதைத் தொடர்ந்தே சமாதான வாழ்த்தும் வருகிறது. வார்த்தையைக் கேட்ட பிறகுதானே மனிதன் தன் குற்றத்தை அறிகிறான் என்று ஒரு காங்கோ குருவானவர் எனக்கு விளக்கினார். அதன் பிறகு நம் ஒழுங்கில் நான் இயந்திரமாகச் சொல்லி வந்த பாவ அறிக்கையை நின்று சொல்லத் தொடங்கினேன். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பரில் உரோமையில் புனித பேதுரு பேராலயத்திலேயே இந்த முறையில் திருப்பலி நிறைவேற்றினார்.

செவிலி அவர்கள் எழுதியதோடு இதையும் வைத்துப் பார்க்கலாம். காங்கோவின் நடனம் திருப்பலிக்கு இடையில் செருகிய கலைநிகழ்ச்சி அன்று. பீடத்தைச் சுற்றி எப்போது ஆடுவது என்பதற்கும் ஒழுங்கு உண்டு. பார்வையாளர் கண்ணுக்குத் தன்னெழுச்சியாகத் தெரிவது, ஆயர்களும் இறையியலாரும் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கியதாக இருக்கலாம்.

நற்கருணையைப் பற்றியும் ஒரு சொல். வேறு சபைப் பிரிவினரின் ஆராதனைக்குப் போகும் குழு, பந்தியில் பங்குபெறலாமா என்பதை முன்பே கேட்டறிய வேண்டும். கத்தோலிக்கத்திலும் ஆர்த்தடாக்ஸ் சபைகளிலும் பொதுவாகப் பிற சபையாருக்கு நற்கருணை வழங்கப்படுவதில்லை. அங்கே கைகளை மார்பில் குறுக்காக வைத்து ஆசீர்வாதம் மட்டும் பெறும் வழக்கமும் எல்லா இடத்திலும் இல்லை. வரிசையில் நின்று குருவானவரைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்துவதைவிட, இருக்கையில் அமர்ந்து ஜெபிப்பது நல்லது. அந்த நேரத்தில் வரும் வலியும் உண்மையானதே. சபைகளின் பிளவு ஏட்டில் இருப்பதைவிடக் கனமானது என்பதை நான் அங்குதான் உணர்ந்தேன்.

கிழக்குவாசல்:

விருந்தினர் சபையோடு ஒன்றுவதற்குத் தென்கொரியாவில் வேறொரு வடிவம் உண்டு. விடியுமுன் நடக்கும் ஜெபக் கூட்டம் அங்கே பல சபைகளின் அன்றாட வழக்கம். "ஆண்டவரே" என்று எல்லாரும் உரத்த குரலில் கூப்பிட்டுவிட்டு, ஒவ்வொருவரும் தம் ஜெபத்தை ஒரே நேரத்தில் வாய்விட்டுச் சொல்கிறார்கள். 1907இல் பியோங்யாங்கில் நடந்த எழுப்புதலோடு சேர்த்தே இந்த ஜெப முறையைப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்தில் விருந்தினருக்கென்று தனி இடமே இல்லை. யாரும் யாரையும் கவனிப்பதில்லை. என் ஜெபத்தை என் மொழியில் அதே சத்தத்தில் சொன்னேன். பெரிய சபைகளில் ஞாயிறு ஆராதனைக்குக் காதொலிக் கருவி கொடுத்து மொழிபெயர்ப்பைக் கேட்க வைக்கிறார்கள், அது உதவியாகவும் இருந்தது. ஆனால் ஒரு சபையோடு ஒன்றினேன் என்று நான் சொல்லக்கூடியது மொழிபெயர்ப்பே இல்லாத அந்த அதிகாலைக் கூட்டத்தில்தான்.

புதிய உறுப்பினர்:

அடுத்த ஆண்டு முதல் முறையாக உகாண்டா செல்லும் குழுவில் இருக்கிறேன். புகைப்படம் எடுப்பது பற்றி யாரும் எழுதவில்லையே? எங்கள் சபையார் நன்கொடை கொடுத்திருப்பதால் படங்களை எதிர்பார்ப்பார்கள். காணிக்கை எவ்வளவு போடுவது என்பதிலும் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது.

நடைபயணி:

புதிய உறுப்பினருக்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன். ஆராதனை நேரத்தில் குழுவில் யாரும் கைப்பேசியை வெளியே எடுப்பதில்லை என்று புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஜெபத்தில் கண்மூடி அழுகிற ஒருவரின் முகம் நமக்குச் சொந்தமல்ல. பிள்ளைகளின் படங்களைப் பெற்றோர் சம்மதமின்றி எடுக்கவும் கூடாது, வெளியிடவும் கூடாது. ஓய்வுநாள் பாடசாலை முடிந்ததும் அவர்களே கூட்டமாக வந்து எடுக்கச் சொல்வார்கள், அப்போதும் ஆசிரியரைக் கேளுங்கள். நன்கொடையாளருக்குப் படம் தேவையென்றால், ஆராதனை முடிந்து வெளியே வந்தபின், குருவானவர் சம்மதத்தோடு, சபையாரும் குழுவும் சேர்ந்து நிற்கும் ஒரு படம் போதும். அதை அவர்களுக்கும் அச்சிட்டு அனுப்புங்கள்.

காணிக்கையைப் பொறுத்தவரை, அங்கே பலர் முன்னால் நடந்து வந்து பெட்டியில் போடுகிறார்கள். விருந்தினர் கையில் உள்ள பெரிய நோட்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும். அருகில் அமர்ந்திருப்பவர் போடும் அளவையொட்டி நீங்களும் போடுங்கள்; சபைக்குக் கொடுக்க விரும்பும் பெரிய தொகையைக் குருவானவரும் பொருளாளரும் சேர்ந்திருக்கும்போது இரசீதோடு கொடுங்கள். ஏலத்தில் மட்டும் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். ஆனால் விலையை ஏற்றிக்கொண்டே போய் ஊர்க்காரரை வெல்ல வேண்டாம். அந்தக் கோழிக்கு அங்கே ஏற்கெனவே ஒரு வீடு காத்திருக்கும்.

ஐயா அவர்களுக்கு: உபசாரத்தை மறுப்பது தாழ்மையாகாது என்று நீங்கள் எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். நாற்காலி தரப்பட்டால் அமர்வோம், பேசச் சொன்னால் எழுந்து நன்றி சொல்வோம். ஆயினும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. எங்களைப் பேசச் சொன்னவர்கள், இவர்கள் வெகுதூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள், பேச விரும்புவார்கள் என்று எண்ணியும் அழைத்திருக்கலாம். நாங்களோ, அவர்கள் கேட்க விரும்புகிறார்கள் என்று எண்ணிப் பேசினோம். இரு பக்கமும் மரியாதைக்காக ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததில் சாட்சிகளின் நேரம் போயிற்று. இதை ஆராதனை நாளன்று பீடத்தருகே தீர்க்க முடியாது. மாதங்களுக்கு முன்பே கடிதத்தில் தீர்க்க வேண்டும். "உங்கள் வழக்கமான ஆராதனையை எங்களுக்காக மாற்ற வேண்டாம், முதல் ஞாயிறு நாங்கள் உங்கள் சபையாராக மட்டும் இருக்க விரும்புகிறோம், அடுத்த ஞாயிறு நீங்கள் விரும்பினால் எங்களில் ஒருவர் பேசுவார்" என்று எழுதினால் அதில் யாருக்கும் அவமதிப்பு இல்லை என்று நம்புகிறேன்.

செவிலி அக்கா, உங்கள் பதிவை எங்கள் குழுவில் வாசித்தோம். "அவர்களிடம் ஒன்றுமில்லை" என்ற சொற்றொடர் எங்கள் அறிக்கையிலும் இருந்தது. அதை நீக்கி, அந்த இடத்தில் அந்தச் சபை நடத்திவரும் தாய்மார் சங்கத்தின் சேமிப்புக் குழுவைப் பற்றியும், அவர்கள் தங்கள் பணத்தில் பக்கத்துக் கிராமத்தில் எழுப்பிவரும் சிற்றாலயத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். இரண்டுமே நாங்கள் அங்கிருக்கும்போது கண்ணெதிரே நடந்தவை.

முதிய ஊழியர்:

மகளே, முதல் ஞாயிறு சபையாராக, இரண்டாம் ஞாயிறு விருந்தினராக என்ற ஏற்பாட்டில் எனக்கு எதிர்ப்பில்லை. இன்னும் ஒரு படி மேலே போகலாம். இரண்டாம் ஞாயிறு நம்மில் ஒருவர் பேசுவதற்குப் பதிலாக, அவர்களுடைய குருவானவரோ உபதேசியாரோ நம் குழுவுக்கென்று தனியாக ஒரு மாலை வேதபாடம் நடத்தும்படி கேட்கலாம். இதை ஒருமுறை ஒரு சபையில் கேட்டோம். அந்த உபதேசியார் முதலில் நம்பவில்லை. பிறகு இரண்டு மணி நேரம் எஸ்தர் புத்தகத்தை நடத்தினார். அரண்மனைக்குள் இருந்துகொண்டு உயிரைப் பணயம் வைப்பது என்றால் என்ன என்பதை, நமுகோங்கோவின் பிள்ளைகளைத் தம் முன்னோராகக் கொண்ட ஒருவர் சொல்லக் கேட்பது வேறு அனுபவம். எங்கள் குழுவின் இளைஞர்கள் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

புதிய உறுப்பினருக்கு ஒரு வார்த்தை. உங்கள் குழுத் தலைவர் அந்தச் சபைக்கு எழுதும் கடிதத்தில் மொழிபெயர்ப்பாளர் யார் என்பதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் பள்ளி ஆசிரியராகவோ குருவானவரின் மகளாகவோ இருப்பார். ஊதியமின்றி நாள் முழுதும் பேசிக் களைப்பார். சனிக்கிழமை மாலையிலேயே அவரோடு அமர்ந்து, சொல்லப்போவதை முழுவதும் சொல்லிக் காட்டுங்கள். "இதை எங்கள் மக்கள் வேறுவிதமாக எடுத்துக்கொள்வார்கள்" என்று அவர் சொல்லும் இடங்களை எதிர்ப்பின்றி நீக்கிவிடுங்கள். மறுநாள் அவருக்குத் தண்ணீரும் நாற்காலியும் உங்கள் அருகிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.